டீச்சர் கேட்ட பத்தடி இடம்!

வீடு பார்க்க வருகிறவர்கள் என்னென்ன செய்வார்கள் என்பது அந்தப் புரோக்கருக்கு அத்துப்படி. குழாயைத் திறந்து பார்ப்பார்கள். சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு, அடுப்படி அக்னி மூலையில் இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். ஆனால், திருவிடைமருதூரில் அந்த வீட்டுக்குள் நுழைந்த டீச்சர், கைப்பையிலிருந்து ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்துத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் அகல விரித்தபோது அவர் பதறிப்போனார்.

"என்னங்கம்மா... மயக்கமா வருதா? தண்ணி கொண்டாரவா?"

"இல்லண்ணே. இடம் பத்துதான்னு பார்க்கிறேன்."

எழுந்தார். கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, விரல் நுனிக்கும் ஃபேனுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கணவரைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு காலை எட்டி முன்னால் வைத்து, முட்டியை மடக்கி இறங்கி எழுந்தார். புரோக்கர் கணவரின் காதருகே வந்து கேட்டார்: "சார், அம்மா டான்ஸ் டீச்சருங்களா?"

இல்லை. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. 'டீச்சர்' என்றால் தெரியும். வயது 49. வாங்கப்போகும் வீட்டில் உடற்பயிற்சி செய்ய ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. வாஸ்துவைக் கணவர் பார்த்துக்கொள்ளலாம். சாமி அறையை மாமியார் பார்த்துக்கொள்ளலாம். வண்டி நிறுத்தும் இடத்தை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு வேண்டியது பத்துக்குப் பத்தடி. கதவோடு.

ஈரத் தரையில் இருபது நிமிடம்

'டீச்சருக்கு உடம்பைக் குறைக்கணும்னு ஆசை வந்துடுச்சு' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். விஷயம் அதுவல்ல.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வாடகை வீட்டில் இருந்தபோது, ஒரு மார்கழி விடியற்காலையில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். (மாமியாரை டீச்சர் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவார். இங்கேயும் அத்தை என்றே இருக்கட்டும்.) நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால், அவரால் எழுந்திருக்க முடியவில்லை. கணவர் வேலை விஷயமாக முதல் நாளே மயிலாடுதுறைக்குப் போய்விட்டார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான்.

டீச்சர் கையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். பாதி உயரம் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே சரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். அத்தையின் எடை 58 கிலோ. டீச்சரின் எடை 64. அந்த 64 கிலோவில் எத்தனை கிலோவுக்கு வேலை செய்யத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் பால் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்வரை, இருபது நிமிடம் இருவரும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அழுதது விழுந்தவர் இல்லை. "நீ ஏன்டி அழுவுற... எனக்கு ஒண்ணும் இல்ல" என்று அத்தைதான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அத்தையைக் கும்பகோணத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனபோது, 'அப்படியே உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துருங்க டீச்சர்' என்றார் டாக்டர். மூன்று மாதச் சராசரி சர்க்கரை என்று சொல்கிற ஹெச்.பி.ஏ1சி 6.2 வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படி. ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடி; அந்த வாசற்படியில் நிற்கிறவர்கள் சுமார் 13.6 கோடி. அந்தக் கூட்டத்தில் தானும் ஒருத்தி என்று டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது.

"நான்தான் தினமும் கோயில்ல நடக்கிறேனே டாக்டர்?"

நடக்கிறார்தான். திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலின் பெரிய வெளிப் பிரகாரத்துக்கு அசுவமேதப் பிரகாரம் என்று பெயர். ஒரு முறை வலம் வந்தால் அசுவமேத யாகம் செய்த பலன் என்பார்கள். யாகப் பலன் கிடைக்கிறதோ இல்லையோ, நடக்க அவ்வளவு நல்ல இடம் அந்த வட்டாரத்தில் கிடையாது. லாரி இல்லை, ஹாரன் இல்லை, வெறித்துப் பார்க்கிற ஆளும் இல்லை. மாலையில் பள்ளிவிட்டு வந்ததும் நான்கைந்து சுற்று சுற்றுவது அவர் வழக்கம்.

"நடை ரொம்ப நல்லது. அதை விட்டுடாதீங்க. ஆனா அது காலுக்கும் மூச்சுக்கும். முதுகுக்கு, தோளுக்கு, கைக்கு என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டார் டாக்டர். சாப்பிடுகிற சோறு சர்க்கரையாகி ரத்தத்துக்கு வரும்போது, அதில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். கிடங்கு சிறுத்தால் சரக்கு தெருவில்தானே கிடக்கும்? நெல்லறுத்துக் கொட்ட இடமில்லாமல் சாலையோரம் குவித்து வைத்திருப்பதைப் பார்த்துப் பழகிய டெல்டாக்காரருக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது. மாதவிலக்கு நிற்கிற வயதில் எலும்பும் வேகமாக வலுவிழக்கும். பளு தூக்கினால் அந்த வேகம் குறையும். வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதே அறிவுரையில், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று இருப்பதை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

பெண்கள் நேரம்: பத்து முதல் பன்னிரண்டு

ஜிம்முக்குப் போகாமல் இல்லை. கும்பகோணத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். 'லேடீஸ் டைமிங்' காலை பத்திலிருந்து பன்னிரண்டு. வேலைக்குப் போகிற பெண்கள் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். வீட்டில் இருக்கிற பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். யாருக்காக வைத்த நேரம் அது என்று தெரியவில்லை. மாலையில் வரலாம் என்று அனுமதித்தார்கள். வந்தார். கண்ணாடி முழுக்கப் பையன்கள். அதில் இரண்டு பேர் அவரிடமே எட்டாம் வகுப்பு படித்தவர்கள். 'குட் ஈவ்னிங் டீச்சர்' என்று எழுந்து நின்றார்கள். முன்னாள் மாணவர்கள் விறைப்பாக நிற்க, டீச்சர் எப்படிக் குனிந்து நிமிர்வது? இரண்டு மாதத்தில் அது நின்றுபோனது. பஸ்ஸில் போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து இரவுச் சமையல் வேறு.

அப்போதுதான் சொந்த வீடு வாங்கும் பேச்சு வந்தது. டீச்சர் அந்த நிபந்தனையைப் போட்டார்.

முதலில் பார்த்தது கும்பகோணம் சாலையில் புதிதாக எழும்பிய நகர் ஒன்றில், 900 சதுர அடி வீடு. பத்துக்குப் பத்து அறை என்றால் காகிதத்தில் பெரிதாகத்தான் தெரிகிறது. ஐந்தடி அகலக் கட்டில், பீரோ, கதவு திறந்து மூட இடம் எல்லாம் போக, மிச்சம் இருப்பது ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கிற சந்து. 'அதான் மொட்டைமாடி இருக்கே' என்றார்கள். சித்திரையில் வெயில், ஐப்பசியில் மழை, மற்ற மாதங்களில் நாலு பக்கத்து மாடிக்காரர்கள். டீச்சர் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இன்னொரு வீடு மலிவாக வந்தது. விசாரித்தால், கட்டடம்தான் விற்பனைக்கு; அடிமனை கோயிலுடையது. டெல்டாவின் கோயில் ஊர்களில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். வீட்டுக்காரர் பகுதி கட்டிக்கொண்டு தலைமுறையாகக் குடியிருப்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். டீச்சர் வீட்டில் வாங்குவதே கடனில்தான். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற வீடு கிடைக்க எட்டு மாதம் ஆனது.

அப்படிக் கிடைத்ததுதான் புரோக்கர் பதறிப்போன அந்தப் பழைய வீடு. 18 அடி அகலம், 140 அடி நீளம். ரயில் பெட்டி மாதிரி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுப்படி, கொல்லை, கிணறு, அதற்கும் பின்னால் காலியான மாட்டுக்கொட்டில். ரேழியை ஒட்டித் தெருப்பக்க ஜன்னலோடு ஓர் அறை. பழைய ஆட்கள் அதைக் 'காமரா உள்' என்பார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தங்க, வீட்டுக்காரர் கணக்கு எழுத என்று இருந்த அறை. ஜன்னல், அலமாரி மாதிரி 'காமரா'வும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல். சமூக அறிவியல் டீச்சர் அதைச் சொல்லாமல் விடுவாரா? புரோக்கர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

பத்தடிக்கு ஒன்பதரை அடி. நல்ல உயரம். கதவு இருந்தது.

மூவாயிரம் ரூபாய் அறை

பத்திரம் முடிந்த அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது.

கணவருக்கு அந்த அறையில் ஒரு கண். மேஜை, கம்ப்யூட்டர் போட்டு 'ஆபீஸ் ரூம்' ஆக்கிக்கொள்ள நினைத்திருந்தார். அவருடைய தம்பி இன்னும் நல்ல யோசனை சொன்னார்: "தெருவைப் பார்த்த ரூம் அண்ணி. கோயிலுக்குப் பக்கம். ஜன்னல இடிச்சு ஷட்டர் போட்டா ஜெராக்ஸ் கடைக்கோ டெய்லருக்கோ விடலாம். மாசம் மூவாயிரம் கண்ணை மூடிக்கிட்டு வரும். அதை விட்டுட்டு ஜிம்மா? உங்களுக்குக் கொல்லையில கொட்டில் இருக்குல்ல."

கொட்டில் மோசம் என்று சொல்ல முடியாது. டீச்சர் பெருந்தன்மையாக ஒரு மாதம் அங்கேயே முயன்றும் பார்த்தார். காற்று நன்றாக வந்தது. கூடவே கொசுவும் வந்தது. மாடு நின்ற தரை, தண்ணீர் ஓடச் சரிவாகப் போட்டிருந்தார்கள். ஒரு காலில் நின்றால் உடம்பு சாய்ந்தது. ஐப்பசி அடைமழையில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒருநாள் விடியற்காலையில் சுருட்டி வைத்திருந்த பாய்க்குள்ளிருந்து தண்ணீர்ப் பாம்பு ஒன்று, அதற்கும் குளிர்போல, நிதானமாக வெளியே போனது. அதைவிட முக்கியமாக, அங்கே ஏதாவது ஆகி விழுந்தால் 100 அடி தள்ளிக் கூடத்தில் இருப்பவருக்குக் கேட்காது. வீட்டில் ஜிம் வைக்கிறவர்கள் யோசிக்காத விஷயம் இது. கண்ணுக்கு மறைவு வேண்டும். காதுக்கு மறைவு கூடாது.

மறுபடி காமரா உள் பேச்சு எழுந்தது. மூவாயிரம் ரூபாய் பேச்சும் எழுந்தது. டீச்சர் சத்தம் போடவில்லை.

"மாசத் தவணை என் சம்பளத்துல இருந்துதானே பிடிக்கிறாங்க? அதுல மூவாயிரத்தை காமரா உள்ளுக்கு நான் குடுக்கிற வாடகைன்னு வச்சுக்குங்க."

கூடத்து ஊஞ்சலில் இருந்த அத்தை அதுவரை வாயைத் திறக்கவில்லை. மகனைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "அன்னிக்கு நான் தரையில கெடந்தப்ப நீ மாயவரத்துல இருந்தே."

மறுநாள் கணவரே அந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார். அவர் நல்ல மனிதர்தான். இந்த மாதிரி விஷயங்கள் நல்ல மனிதர்களுக்கும் யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

உரல் இருக்க டம்பெல் எதற்கு?

பழைய வீட்டுக்காரர்கள் கொல்லையில் ஓர் உரலையும் உலக்கையையும் விட்டுப்போயிருந்தார்கள். புதுமனை புகுவிழாவுக்கு வந்த உறவினர்கள் ஒருவர் விடாமல் அதைக் காட்டி ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு இதுதாம்மா ஜிம்!"

டீச்சருக்கு இந்த வசனம் பிடிக்காது. அவருடைய அப்பாயி உலக்கை பிடித்தவர்தான். நெல் குத்தினார், மாவு இடித்தார், கிணற்றில் இறைத்தார், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிட்டார். அறுபது வயதில் முதுகு வளைந்து தரையைப் பார்த்துத்தான் நடந்தார். உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றல்ல. பயிற்சியில் எவ்வளவு தூக்குவது என்று தூக்குகிறவர் முடிவு செய்கிறார். போதும் என்றால் நிறுத்தலாம். மறுநாள் ஓய்வெடுக்கலாம். சத்தாகச் சாப்பிடலாம். உலக்கை பிடித்தவருக்கு இந்த நான்கும் கிடையாது.

உண்மையில் நம் ஊரிலும் பயிற்சிக்கென்றே கருவிகள் இருந்தன. கர்லாக்கட்டை இருந்தது. தண்டால், பஸ்கி எல்லாம் இருந்தன. இங்கே வீரர்கள் கட்டை சுற்றுவதைப் பார்த்த வெள்ளைக்காரர்கள் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. ஆனால், அந்தக் கட்டையை வீட்டுப் பெண் கையில் யாரும் கொடுத்ததில்லை. அவளுக்கு உலக்கை.

இதைப் புரியவைத்தவர் வீட்டு வேலைக்கு உதவ வரும் அக்கா. நடவுக் காலத்தில் வயலுக்கும் போகிறவர். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு என்னதான் செய்கிறார் என்று ஒருநாள் எட்டிப் பார்த்தார். டீச்சர் கொஞ்சம் கூச்சத்தோடு, "ஒனக்கெல்லாம் இது எதுக்குக்கா? நாள் முழுக்க உழைக்கிற உடம்பு" என்றார்.

"குனிஞ்சு குனிஞ்சே இடுப்பு போச்சு டீச்சர். நிமிர்றதுக்கு ஏதாச்சும் இருந்தா சொல்லிக் குடுங்க."

சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற முதுகுக்குத் தேவை இன்னொரு குனிதல் இல்லை. டீச்சரின் மகள் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்ததை டீச்சர் அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தார். ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, நிமிர்ந்து நின்று, இரண்டு முழங்கையையும் பின்னால் இழுப்பது. இப்போது அக்கா பாத்திரம் தேய்க்கும் முன்பு பத்து தடவை இழுத்துவிட்டுத்தான் போகிறார். உரலும் சும்மா கிடக்கவில்லை. அதை உருட்டிக்கொண்டு வந்து மூலையில் வைத்திருக்கிறார்கள். வீடியோ கால் பேச போனைச் சாய்த்து வைக்க அதுதான் ஸ்டாண்டு.

அறைக்குள் என்ன இருக்கிறது?

பெரிதாக ஒன்றும் இல்லை. கொழுந்தனார் சென்னையிலிருந்து தன் வீட்டு டிரெட்மில்லைத் தருகிறேன் என்றார். ஆறடி நீள மெஷின். தவறி விழுந்தால் சுவரில் மோதாமல் இருக்கப் பின்னால் இன்னும் ஆறடி காலியாக வேண்டும். அறையே பத்தடி. பழைய வீட்டு வயரிங் வேறு. 'எனக்கு அசுவமேதப் பிரகாரம் இருக்கு' என்று டீச்சர் மறுத்துவிட்டார். சென்னையில் அதில் துணி காய்கிறதாம்.

முதல் மூன்று மாதம் ஒரு பைசா செலவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் என்றால் ஒரு கிலோ. துணிப்பையில் ஐந்து கிலோ அரிசி. கை பழகிய பிறகுதான் இரண்டு கிலோ, நாலு கிலோ டம்பெல் ஜோடிகள், ஒரு செட் ரப்பர் பேண்டு, செம்பு மாதிரி கைப்பிடி வைத்த எட்டுக் கிலோ கெட்டில்பெல் எல்லாம் வந்தன. ரப்பர் விரிப்பு மட்டும் தாமதமாக வந்தது. அதற்குள் ஒரு நாலு கிலோ டம்பெல் கை நழுவி, கண்ணாடி மாதிரி இருந்த சிவப்புச் சிமென்ட் தரையில் அரை ரூபாய் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. அந்தத் தரையை அதே நிறத்தில், அதே வழவழப்பில் பூசுகிற கொத்தனார் கிடைப்பது இப்போது அரிது. பழைய வீடு வாங்குகிறவர்கள் முதலில் விரிப்பை வாங்கிவிட்டு அப்புறம் இரும்பைத் தொடுவது நல்லது.

கணவருக்குச் சுவரில் கம்பி அடித்துத் தொங்க ஆசை. கொத்தனார் சுவரைச் சுரண்டிக் காட்டினார். சுண்ணாம்புக் காரை. "காலண்டர் ஆணி அடிச்சாலே பொலபொலன்னு கொட்டும் சார். எழுபத்தஞ்சு கிலோ ஆளைத் தாங்குமா?" கணவரின் ஆசை அங்கேயே முடிந்தது. ஜன்னல் கம்பிகள் மட்டும் உறுதி. தேக்குச் சட்டத்தில் மேலும் கீழும் ஊடுருவிப் போன இரும்பு. துரு பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேண்டை மாட்டினார்கள். கார்த்திகை ஈரத்தில் டம்பெல்லும் துருப்பிடிக்கும். வாரம் ஒருநாள் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைக்கிறார் டீச்சர். ஐந்தே காலுக்கு உள்ளே போனால் ஆறு மணிக்கு வெளியே. வாரம் மூன்று நாள். அந்த முக்கால் மணி நேரத்தில் காபிப்பொடி டப்பா எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். முதல் மாதம் அந்தச் சட்டத்தைக் கணவர் பதினோரு முறை மீறினார்.

தூக்கக் கூடாது டீச்சர்!

ஆறு மாதத்தில் நிறைய மாறியது. ஹெச்.பி.ஏ1சி 5.8-க்கு வந்திருந்தது, சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பங்குண்டு. இப்போதெல்லாம் கடைகளில் வருவது 26 கிலோ அரிசி மூட்டை. (2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு ஐந்து சதவிகிதம் ஜி.எஸ்.டி. வந்ததும், மூட்டை ஒரு கிலோ பெருத்துவிட்டது.) கடைப் பையன் அதைத் திண்ணையில் போட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் கணவர் வரும்வரை அங்கேயே கிடக்கும். ஒருநாள் டீச்சர் முட்டியை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை மார்போடு அணைத்து, எழுந்து, ரேழி, கூடம் கடந்து அடுப்படியில் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டுத் தானே ஆச்சரியப்பட்டார்.

அடுத்தது 58 கிலோ என்ற நினைப்பில், கும்பகோணத்தில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனார். "கீழே விழுந்தவங்களைத் தூக்க எந்த எக்சர்சைஸ் செய்யணும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தூக்கக் கூடாது டீச்சர். அதுல உங்க முதுகும் போகும், அவங்க தோளும் போகும்." முதலில் அடி பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடுமையான வலியோ, தலையில் அடியோ, மயக்கமோ இருந்தால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மெதுவாக முட்டி போடவைத்து, முன்னால் ஒரு நாற்காலியை வைத்து அதில் கையூன்றச் சொல்ல வேண்டும். ஒரு பாதத்தை முன்னால் வைத்து அவர்களாகவே எழும்ப, பின்னால் இன்னொரு நாற்காலியை நகர்த்தி உட்காரவைக்க வேண்டும். "உங்க கையில பலம் இருக்கிறது நல்லதுதான். ஆனா அவங்க தொடையில பலம் இருந்தாத்தான் இது நடக்கும். ஜிம்முக்கு உங்க அத்தை வர்றாங்களா?"

டீச்சர் பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்தார். இத்தனை நாள் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டது தனக்கு மட்டும்தான்.

அத்தை லேசில் சம்மதிக்கவில்லை. "எழுபத்தாறு வயசுல எனக்கு என்னடி ஜிம்மு? ஊர் சிரிக்கும்" என்றார். கோயிலுக்குப் போகும்போது டீச்சர் இன்னொரு வழியில் பேசினார். இந்தக் கோயிலில் வரகுண பாண்டியன் கதை எல்லோருக்கும் தெரியும். பிரம்மஹத்தி பிடித்த பாண்டியன் கிழக்கு வாசல் வழியே உள்ளே போனான்; பிரம்மஹத்தி வாசலிலேயே காத்து நின்றது; அவன் மேற்கு வாசல் வழியே தப்பிவிட்டான். இன்றைக்கும் பலர் வந்த வழியே திரும்பிப் போவதில்லை. "அத்தே, அன்னிக்கு விழுந்ததும் அப்படித்தான் வாசல்ல நிக்குது. திரும்பி அதே வழியா போனா பிடிச்சுக்கும்." அத்தை மருமகளை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே, கையில் அகல் ஏந்தி நிற்கும் மராட்டியர் காலத்துப் பாவை விளக்கின் முன் நின்றபோது அவரே கேட்டார்: "இவளுக்குக் கை வலிக்காதா?"

"வலிக்காதத்தே. தினமும் பிராக்டிஸ்."

மறுநாள் காலை அத்தை காமரா உள்ளுக்கு வந்தார். கைப்பிடி இல்லாத மர நாற்காலி, சுவரோடு முட்டுக் கொடுத்து வைத்தது. இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பது. கால் வலுவையும் விழும் அபாயத்தையும் அறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் எளிய சோதனை இது. அத்தையின் வயதுப் பெண்களுக்குப் பத்துக்குக் கீழே இருந்தால் கவனம் தேவை. கையூன்றினால் கணக்கில் சேராது, பூஜ்யம்தான்.

முதல் நாள் அத்தைக்குக் கிடைத்தது பூஜ்யம். பள்ளிக்கூடத்தில்கூடத் தான் முட்டை வாங்கியதில்லை என்று அன்று முழுக்க மருமகளோடு பேசவில்லை.

டாக்டரிடம் காட்டி, ரத்த அழுத்தம் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார். முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கிக்கொண்டார். பிறகு ஒரு தலையணை. பிறகு வெறும் நாற்காலி. வேலைக்கு வரும் அக்காவும் பக்கத்தில் நின்று கொள்வார். விழுந்தால் பிடிக்க என்பது ஒரு காரணம், வேடிக்கை பார்க்க என்பது இன்னொன்று. ஐந்து மாதம் ஆனது.

போன வாரம் வெள்ளிக்கிழமை. தெருவில் பால்காரர் மணி. உரல்மேல் போனில் முப்பது விநாடி ஓடிக்கொண்டிருந்தது. கணவர் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

"ஏழு... எட்டு... ஒம்போது!" என்றார் டீச்சர். போன் கூவியது.

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே தலையை ஆட்டினார். "எட்டுதான். கடைசில ஒண்ணுக்குக் கை வச்சுட்டேன். எட்டுன்னே எழுது."